நீரோட்டம் பார்க்கும் தாத்தாவும் விஞ்ஞானமும்: உள்ளுணர்வை எதுவரை நம்புவது?

மேட்டுலயம் எழுதியது:

வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டம் அப்புத்தளைப் பக்கம். மேல் டிவிஷன் லயங்களுக்கு இன்றைக்கும் மலை ஊற்றிலிருந்து வருகிற பீலித் தண்ணீர்தான். ஆடி ஆவணியில் ஊவாவில் கச்சான் காற்று தொடங்கினால் ஒரு குடம் நிறையவே நெடுநேரம் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது கிணறு வெட்ட ஓர் உதவித்தொகை வந்திருக்கிறது. ஒரே ஒரு கிணற்றுக்குத்தான் அது போதும். எங்கே வெட்டுவது என்பதில் தோட்டம் இரண்டாகி நிற்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தாத்தா இருக்கிறார். கொய்யாக் கவட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பார். கவட்டை எங்கே கீழே இழுக்கிறதோ அங்கே நீரோட்டம் இருக்கிறது என்பார். காசு வாங்குவதில்லை, வெற்றிலை பாக்கு மட்டும். அவர் காட்டிய கிணறுகளில் தண்ணீர் உண்டு என்று சுற்றுவட்டாரமே சொல்லும். கோயில் கமிட்டியும் பெரியவர்களும் அவரைக் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். வெளியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதெல்லாம் மூடநம்பிக்கை, ஆளைக் கூப்பிடவே கூடாது என்கிறார்கள்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் என்னிடம்தான் வருகிறது. அந்தத் தாத்தா யாரையும் ஏமாற்றவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதற்காகக் கவட்டையை நிலத்தடி நீர் இழுக்கிறது என்று என் மாணவர்கள் முன்னால் நின்று சொல்லவும் என்னால் முடியாது. நிரூபணம் இல்லாத ஒன்றைக் கதவடைத்து அனுப்பாமலும், கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமலும் எப்படி எடுத்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பனிமலை எழுதியது:

தங்கச்சி, இந்தக் கேள்விக்கு இந்த நாட்டிலேயே பதில் கிடைத்துப் பல காலம் ஆகிறது. கேரளத்தில் பிறந்து இங்கே தாவரவியல் படிப்பித்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்று வழி அடைபட்ட நிபந்தனைகளில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் தருவதாக 1963ல் அறிவித்தார். 1978ல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

நீரோட்டம் பார்ப்பதையும் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் ஒரு களஞ்சியத்தில் நடந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைப்பார்கள். மேல்தளத்தில் நடப்பவர் குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். 500 பேர் அளவில் பார்த்து 43 பேரைத் தெரிந்தெடுத்து 843 தடவை செய்தார்கள். நடத்தியவர்கள் சிலருக்கு நிஜமான திறமை இருக்கிறது என்றார்கள். அதே எண்களை அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் என்றைட் மறுபடி ஆராய்ந்து 1999ல் எழுதினார். மிகச் சிறந்தவர் என்று சொல்லப்பட்டவர்கூட அடுத்தடுத்த சுற்றுகளில் அதே திறமையைக் காட்டவில்லை. குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு தேறியிருக்கும்.

லயத்துப் பிள்ளைகளின் தண்ணீர்க் காசு இது. அதை ஒரு கொய்யாக் குச்சியிடம் கொடுத்துவிடாதீர்கள்.


மூன்றாங்கட்டை எழுதியது:

பனிமலை அண்ணா, மியூனிக் வரை போனீர்கள், இலங்கையில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். இதே ஜெர்மன்காரர்கள் அவர்களுடைய அரச உதவித் திட்டம் ஒன்றில் நம் வறண்ட வலயத்தில் குழாய்க் கிணறு அடித்தபோது, ஹான்ஸ் ஷ்ரோட்டர் என்ற நீரோட்டம் பார்ப்பவர் இடம் காட்டினார். 691 கிணறுகள். நூற்றுக்கு 96 தேறியது என்று 1995ல் அறிக்கை வந்தது. சாதாரணமாக அந்தப் பகுதியில் பாதிகூடத் தேறாது என்று அந்த அறிக்கையே சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் சனத்துக்குத் தெரிந்தது எதையும் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. துரைமார் காலத்திலும் கேட்கவில்லை, இப்போதும் கேட்பதில்லை. ஒரு கிழவர் காடு மேடெல்லாம் நடந்து சேர்த்த அறிவு, பேனாவும் கோப்பும் கையில் இல்லை என்பதற்காக மூடநம்பிக்கை ஆகிவிடுகிறது. ஜெர்மன் விஞ்ஞானி வெகனரையும் இப்படித்தான் உலகம் ஒதுக்கியது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912ல் சொன்னார், 1960கள் வரை பெரும்பாலானவர்கள் ஏற்கவில்லை. கையைக் கழுவுங்கள் என்று 1847ல் வியன்னாவில் மற்ற டாக்டர்களிடம் கெஞ்சிய டாக்டர் செம்மல்வைஸ் கதையும் அதுதான்.


கல்லும்மண்ணும் எழுதியது:

பேராதனையில் புவிச்சரிதவியல் படித்தவன், இப்போதும் அதே வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாங்கட்டை சொன்ன 691 கிணறு, 96 வீதம் இரண்டும் அந்த அறிக்கையில் உள்ளவைதான். அறிக்கையில் இல்லாதது ஒப்பீடு. அதே ஊரில், அதே காலத்தில், அதே பொறியைக் கொண்டு, கவட்டை இல்லாத ஒருவர் காட்டிய இடங்களிலும் அடித்துப் பார்த்திருந்தால் 96 என்ற எண்ணுக்குப் பொருள் வந்திருக்கும். ஷ்ரோட்டரோடு அனுபவமுள்ள நிலத்தடி நீர் ஆட்களும் வேலை செய்தார்கள். இடத்தைத் தெரிந்தெடுத்ததில் குச்சியின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க அந்த எண்ணிக்கை உதவாது.

நம் மலைக்கு வருவோம். அடியில் இருப்பது கடினமான பழைய உருமாறிய பாறை. அதற்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் ஓடும். மேலே பாறை உக்கிப்போன மண் போர்வை இருக்கிறது, மழைத் தண்ணீர் பெரும்பாலும் அதற்குள்தான் தங்கி மெதுவாகக் கீழே இறங்குகிறது. ஆகவே மலைச்சரிவின் அடிவாரத்திலோ, இரண்டு மேடு சேரும் பள்ளத்திலோ ஓரளவு ஆழம் வெட்டினால் தண்ணீர் காண வாய்ப்பு அதிகம். தாத்தா காட்டிய கிணறுகள் எந்த மாதிரி இடத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். காட்டுச்சேம்பும் பெரணியும் தழைத்து நிற்கிற இடம், காலையில் பனி மற்ற இடத்தைவிட அதிக நேரம் தங்குகிற இடம், கோடையிலும் புல் காயாத இடம். வாழ்நாள் முழுக்க மலையில் நடந்த ஒருவருடைய கண் இதையெல்லாம் அவர் அறியாமலே பிடித்துவிடும். அறிந்த கணமே கை மிக மெல்லத் திரும்பும், விறைப்பாக இழுத்துப் பிடித்த கவட்டை அந்தச் சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டும். நாம் அசைக்கிறோம் என்று தெரியாமலே கை அசையும் என்பதை 1833ல் பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரோல் ஊசலாடும் குண்டை வைத்துக் காட்டினார். மேசை தானாகச் சுழல்கிறது என்று ஊரே நம்பியபோது, தள்ளுவது சுற்றியிருப்பவர்களின் கைதான் என்று 1853ல் மைக்கல் பாரடே சோதனை வைத்துக் காட்டினார். அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் பொய்யர் யாருமில்லை.

வெகனரைப் பற்றி. அவர் பெயரை எடுத்தது எனக்கு மிகவும் பிடிக்கிறது. நம் மலைநாட்டுப் பாறைக்கும் கிழக்கு அந்தார்ட்டிக்காவின் லூட்சோ ஹோம் பகுதிப் பாறைக்கும் நெருங்கிய உறவு இருக்கிறது, ஒருகாலத்தில் இரண்டும் ஒட்டிக் கிடந்தவை. ஆனால் வெகனர் என்ன செய்தார்? இந்தக் கரையில் இருக்கும் பாறை அந்தக் கரையிலும் இருக்கும், இந்தப் புதைபடிவம் அங்கேயும் கிடைக்கும் என்று, யாரும் போய்ச் சரிபார்க்கும்படி எழுதி வைத்தார். கண்டத்தை எது நகர்த்துகிறது என்பதற்கு அவர் கொடுத்த காரணம் பிழை. அந்தக் காரணத்துக்காக எதிர்த்தவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடலடித் தரையை அளந்து வந்த சான்றுதான் கடைசியில் முடிவு சொன்னது. அவர் காலத்தில் ஒதுக்கப்பட்ட எத்தனையோ கருத்துகள் நிஜமாகவே பிழையானவை, அவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஒதுக்கப்பட்டது என்பதால் மட்டும் ஒரு கருத்து உண்மைக்குக் கிட்ட வந்துவிடாது.


மூன்றாங்கட்டை எழுதியது:

கண் பார்க்கிறது, கை சொல்கிறது என்றால் நல்லதுதானே. அப்போது தாத்தாவுக்குத் தெரியும் என்றுதானே ஆகிறது? குச்சி இழுக்கிறதா கண் இழுக்கிறதா என்பது லயத்துக்கு எதற்கு, தண்ணீர் வந்தால் போதும்.


கல்லும்மண்ணும் எழுதியது:

பழகிய மலையில் போதும் தம்பி. அவரை வவுனியாவுக்கோ மன்னாருக்கோ கூட்டிப்போனால் போதாது. குச்சியில்தான் சக்தி என்றால் அங்கேயும் இழுக்க வேண்டும். கண்ணில் என்றால் அங்கே அந்தக் கண்ணுக்குப் பழக்கம் இல்லை. அதனால்தான் எது வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.


கொழுந்துவாசம் எழுதியது:

டிம்புலப் பக்கம் தொழிற்சாலைகளில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளுணர்வு என்று பேசுகிறீர்கள், அது தினமும் சம்பளத்துக்கு வேலை செய்கிற இடம் தேயிலைத் தொழிற்சாலைதான்.

கொழுந்து வாடியது போதுமா என்று பார்க்க, ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவோம். உருண்டை உடனே விரிந்தால் இன்னும் பச்சை. நெட்டி ஒடிந்தால் இன்னும் நேரம் வேண்டும். அரைத்த தூளைப் பரப்பி வைத்த பின் மூக்குக்குத்தான் வேலை. முதலில் புல்லு வாடை அடிக்கும். அப்புறம் அந்தப் பச்சை வாடை போய், தூள் செம்பு நிறத்துக்குத் திரும்பும்போது ஒரு பழ வாசம் எழும்பும். அது உச்சிக்கு வந்து இறங்கத் தொடங்குவதற்கு முன்னால் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினால் சாயம் இருக்கும், சுவையில் உயிர் இருக்காது. மணிக்கூடும் வெப்பமானியும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் மழைக் கொழுந்துக்கு ஒரு நேரம், சனவரியிலிருந்து மார்ச் வரை எங்கள் பக்கம் பனியும் வெயிலுமாக வருகிற நல்ல பருவக் கொழுந்துக்கு வேறு நேரம். காலையில் இருந்த ஈரப்பதன் மத்தியானம் இருக்காது. இப்போது அனுப்பு என்று நல்ல டீமேக்கர் சொல்லும்போது ஏன் என்று கேட்டால் அவரால் முழுதாக விளக்க முடியாது.

அந்த மூக்கு எப்படி வந்தது? அதைத்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அன்றைக்குச் செய்த தூளை அன்றைக்கே வரிசையாக ஊற்றிக் குடித்துப் பார்ப்போம். எந்தத் தூளில் பிந்தினோம், எதில் முந்தினோம் என்று கோப்பை சொல்லிவிடும். பிறகு கொழும்பிலிருந்து தரகர் அறிக்கை வரும், ஏலத்தில் விலை வரும். பெரிய துரை கூப்பிட்டுக் கேட்பார். பிழை விட்டால் மறைக்க வழியே இல்லை. வருடக்கணக்காக இப்படித் திருத்து வாங்கிய மூக்கு அது.

இனி முக்கியமானது. இதே மூக்குள்ள பெரிய ஆட்கள், அடுத்த மாதம் தேயிலை விலை ஏறும், எனக்குத் தெரியும் என்று அதே உறுதியோடு சொல்லுவார்கள். மனதில் வருகிற உறுதியில் ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனால் விலை ஈரானில் என்ன நடக்கிறது, ரஷ்யாவில் என்ன நடக்கிறது, டொலர் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அதை முகர்ந்து பார்க்க முடியாது. உறுதி இருக்கிறதா என்று ஆளைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அந்த உறுதி எந்த வேலையில், என்ன திருத்து வாங்கி வளர்ந்தது என்று கேளுங்கள்.


ஊவாக்காற்று எழுதியது:

ஐயா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தாதி. குறைமாதக் குழந்தைகள் பிரிவிலும் வேலை செய்திருக்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெத் கிராண்டல் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும், இந்தக் குழந்தைகளைப் பார்க்கிற அனுபவமுள்ள தாதிகளிடம் உட்கார்ந்து பேசினார்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, இந்தப் பிள்ளைக்குக் கிருமித் தொற்று தொடங்குகிறது என்று தாதிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி என்று கேட்டால், பிள்ளை சரியில்லை என்று பட்டது என்பார்கள். அதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு சம்பவமாக எடுத்து, என்ன பார்த்தீர்கள், நிறம் எப்படி, தொட்டபோது எப்படி, பால் குடித்ததா, எப்படிப் படுத்திருந்தது என்று கிண்டிக் கிண்டிக் கேட்டார்கள். வெளியே வந்த அறிகுறிகளில் கணிசமானவை அப்போதைய மருத்துவ நூல்களில் இல்லாதவை. பிறகு புதிய தாதிகளுக்குப் படிப்பிக்கவும் அது உதவியது. எனக்கு இந்த ஆய்வு மேல் பெரிய மரியாதை. தாதிகளின் சொல்லை அவர்கள் தட்டிவிடவும் இல்லை, ஏதோ தெய்வீக சக்தி என்று தூக்கி வைக்கவும் இல்லை.

இன்னொரு பக்கம் 2020 டிசம்பரை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன கேகாலைப் பாணி. தேனும் சாதிக்காயும் சேர்த்த அந்தப் பாணியின் செய்முறை காளியம்மன் அருளால் தனக்குக் கிடைத்தது என்றார் அதைச் செய்தவர். கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான சனம் அங்கே போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. பகிரங்கமாக அதைக் குடித்த அப்போதைய சுகாதார அமைச்சருக்கு 2021 சனவரியில் தொற்று வந்தது. குடித்த பலர் குணமானோம் என்றார்கள், அது பொய்யில்லை. ஆனால் கொரோனா வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் எதையும் குடிக்காமலே குணமாகிறவர்கள். பாணி வேலை செய்யாவிட்டால் எப்படித் தெரியும் என்று ஒரு ஏற்பாடும் இல்லாமல் அது ஊரெல்லாம் போய்விட்டது.

மூலிகையை நான் இகழவில்லை. மலேரியாவுக்கு இன்று கொடுக்கிற ஆர்ட்டிமிசினின் சீனத்துப் பழைய மருந்துச் செடியிலிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்த தூ யூயூவுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய குறிப்புகளில் இருந்த எத்தனையோ செடிகளைச் சோதித்து, வேலை செய்யாதவற்றைக் கழித்துத்தான் அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். கழிக்கிற வேலையை நம் ஊரில் யாரும் செய்ய விடுவதில்லை, அதுதான் என் கவலை.


பனிமலை எழுதியது:

தாதிகளின் கதையையும் கோப்பையையும் ஏற்கிறேன். ஆனால் இப்படி ஒவ்வொன்றுக்கும் கதவு திறந்துகொண்டே போனால் நாளைக்குக் கோடாங்கிக்காரர் வந்து நிற்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடுக்கை அடிப்பார். எங்கள் லயங்களில் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனதால் போன உயிர்கள் எத்தனை. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் நான் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.


மேட்டுலயம் எழுதியது:

அண்ணாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. காய்ச்சலுக்கு உடுக்கை அடிக்கிறவருக்கும் தாத்தாவுக்கும் நான் ஒரே அளவு கதவு திறக்கமாட்டேன். பிழையாகிப்போனால் எதை இழப்போம் என்பதையும் பார்க்க வேண்டும். பிள்ளையின் உயிர் போகுமென்றால் காத்திருந்து சோதிக்க இடமே இல்லை.

உளவியலில் இதைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று 2009ல் வந்தது. உள்ளுணர்வை எப்போதும் சந்தேகித்த டேனியல் கானமனும், தீயணைப்பு வீரர்களின் உள்ளுணர்வை மதித்து ஆராய்ந்த கேரி கிளைனும் சேர்ந்து எழுதியது. எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்த இருவரும் உட்கார்ந்து பேசி எழுதினார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அவர்கள் வந்து சேர்ந்த இடம் கொழுந்துவாசம் ஐயா சொன்னதுதான். அந்த உலகத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளப் போதுமான காலமும் உடனுக்குடன் சரி பிழை சொல்கிற பதிலும் கிடைக்க வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் வருகிற உறுதிக்கு மதிப்புக் கொடுக்க முடியாது.

வகுப்பில் ராமானுஜனைச் சொல்லிப் பிள்ளைகள் என்னை மடக்குவார்கள். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னதாக அவரே சொல்லியிருக்கிறாரே டீச்சர் என்பார்கள். உண்மைதான். 1913ல் இங்கிலாந்துக் கணித மேதை ஹார்டிக்கு அனுப்பிய சூத்திரங்களில் பெரும்பாலானவை பிரமிக்க வைப்பவை. பகா எண்களைப் பற்றி அதே நம்பிக்கையோடு அவர் சொன்னவற்றில் சில பிழையாகவும் இருந்தன. நிறுவிப் பார்த்தபோதுதான் இரண்டும் பிரிந்தன. அதனால் அவருடைய பெருமை ஒரு துளியும் குறையவில்லை என்று சொல்லிக்கொடுக்கிறேன்.

தாத்தா விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். அவர் காட்டிய கிணற்றில் தண்ணீர் வந்தால் ஊருக்குத் தெரியும், அதாவது பதில் கிடைக்கிறது. ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் யாரும் வெட்டிப் பார்ப்பதில்லையே. அப்போது பாதிப் பதில்தானே கிடைக்கிறது?


கல்லும்மண்ணும் எழுதியது:

அருமையான கேள்வி. முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது. வற்றிப்போன கிணற்றை ஊர் சீக்கிரம் மறந்துவிடும், மூடிவிட்டு மேலே தேயிலை நடுவார்கள். அவர் காட்டியதில் எத்தனை கிணறு மாசி, பங்குனி வரட்சியிலும் ஆவணியிலும் நின்றது என்று யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள்.


மூன்றாங்கட்டை எழுதியது:

சரி, சோதிப்பதென்றே வையுங்கள். வயதான மனிதரைக் கூட்டி வந்து, கண்ணைக் கட்டி நடக்கவிட்டு, அவர் சொன்னது பிழையானதும் எல்லோரும் கைகொட்டுவதா? அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அது ஆராய்ச்சியாக இருக்கலாம், மனிதத்தன்மை இல்லை.


கொழுந்துவாசம் எழுதியது:

தம்பி, தேயிலை சுவைக்கிற மேசையில் தோட்டத்தின் பெயரை மறைத்து இலக்கம் போட்டுக் கோப்பை வைத்துச் சோதிப்பதுண்டு. பெரிய பெரிய ஆட்களெல்லாம் அப்படிக் குடித்துச் சொல்லியிருக்கிறார்கள், யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. பெயர் தெரிந்தால் நாக்கு பெயரைச் சுவைத்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் நீங்கள் சொன்ன கைகொட்டல் இருக்கிறதே, அது கூடாது. தாத்தாவிடம் முதலில் போய்ப் பேசுங்கள். அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள், எப்படிச் சோதித்தால் நியாயம் என்று அவரே சொல்லட்டும். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்க்காதீர்கள்.


கல்லும்மண்ணும் எழுதியது:

கண் கட்டவே தேவையில்லை. தாத்தா ஒரு நாள் தனியாக நடந்து, நல்லது என்று மூன்று இடமும் வேண்டாம் என்று மூன்று இடமும் சொல்லட்டும். வேறொரு நாள், அவர் சொன்னது தெரியாத ஒருவர் நிலத்தின் அமைப்பைப் பார்த்து அதேபோல ஆறு இடம் குறிக்கட்டும். இரண்டையும் எழுதி மூடி, தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு எல்லா இடத்திலும் மண்ணின் மின்தடையை அளக்கலாம். ஈரமும் வெடிப்பும் உள்ள இடத்தில் பெரும்பாலும் தடை குறையும், களிமண்ணும் அப்படிக் காட்டும் என்பதால் அனுபவமுள்ளவர் பார்க்க வேண்டும். நீர்வளச் சபையில் இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பிரதேச செயலகம் வழியாகக் கேட்டுப் பாருங்கள்.

தாத்தாவின் இடமும் மற்றவரின் இடமும் ஒன்றாக வந்தால் தயக்கமில்லாமல் அங்கே வெட்டலாம். பிரிந்தால் இன்னும் நல்லது, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்றை இருவரில் ஒருவர் பார்க்கிறார். தாத்தா கூடவே நடந்து, இங்கே ஏன் ஐயா என்று கேட்டு எழுதுங்கள், அந்தத் தாதிகளிடம் கேட்ட மாதிரி. ஒரே தோட்டத்தில் ஒரு தடவை செய்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒவ்வொரு கிணறு வெட்டும்போதும் எழுதி வந்தால் சில வருடத்தில் ஏதாவது தெரியும்.


ஊவாக்காற்று எழுதியது:

எல்லோரும் தண்ணீர் இருக்கிறதா என்றே பேசுகிறீர்கள். அந்தத் தண்ணீர் குடிக்கக்கூடியதா என்பதைக் கவட்டையும் சொல்லாது, மின்தடையும் சொல்லாது. லயத்து மலசலகூடக் குழிகள் மேல்பக்கம் இருந்தால் அந்தக் கிணறு வேண்டவே வேண்டாம். குறைந்தது 50 அடி தள்ளி, அதுவும் குழிக்கு மேல்சரிவில் இருக்க வேண்டும். இடம் முடிவாகும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தண்ணீர் வந்ததும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.


மேட்டுலயம் எழுதியது:

நன்றி அக்கா, குழிகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. நாளைக்கே கமிட்டியில் சொல்கிறேன். தாத்தாவிடம் போகும்போது மூன்றாங்கட்டை அண்ணாவும் வரமுடியுமா? பண்டாரவளையிலிருந்து பக்கம்தான். நீங்கள் கூட வந்தால் அவருக்கு நம்பிக்கையாக இருக்கும்.


மூன்றாங்கட்டை எழுதியது:

வருகிறேன் தங்கச்சி. வெற்றிலை நான் வாங்கி வருகிறேன்.

கல்லும்மண்ணும் சேரிடம் இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். கொஸ்லந்தை மீரியபெத்த மண்சரிவு 2014 ஒக்டோபர் 29. அதற்கு முன்னமே 2005லும் 2011லும் அந்த இடம் ஆபத்து, சனத்தை எழுப்ப வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் சொல்லியும் யாரும் எழுப்பவில்லை. போன 2025 நவம்பர் டித்வாப் புயலுக்கும் மலைநாடு எப்படிச் சரிந்தது என்று எல்லோரும் பார்த்தோம். எங்கள் லயத்தில் வயதானவர்கள், பீலித் தண்ணீர் கலங்கினால் மலை அசைகிறது என்பார்கள். நாய் ஊளையிடும், மாடு கட்டுத்தறியில் நிற்காது என்றும் சொல்வார்கள். இதில் எதை எடுப்பது, எதை விடுவது?


கல்லும்மண்ணும் எழுதியது:

தண்ணீர் கலங்குவதை அப்படியே எடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அறிகுறிகளில் அதுவும் ஒன்று. புதிதாக ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது, மரமும் மின்கம்பமும் சாய்வது, நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு வருவது எல்லாம் அந்த வரிசையில் உண்டு. மண்ணுக்குள் தண்ணீரின் பாதை மாறுகிறது, மண் நகரத் தொடங்குகிறது என்பதன் அடையாளங்கள் அவை. உங்கள் பெரியவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

நாய், மாடு பற்றிச் சான்று அவ்வளவு பலமாக இல்லை. சுனாமிக்கு முன் யாலவில் யானைகள் ஓடித் தப்பின என்று உலகமே சொன்னது. செய்மதிக் கழுத்துப்பட்டி அணிந்திருந்த யானைகளின் நடமாட்டத்தைப் பார்த்து 2006ல் ஆய்வு வந்தது, அவை அப்படி விசேஷமாக ஓடியதாகத் தெரியவில்லை. அதற்காக விஞ்ஞானிகள் அந்தக் கேள்வியை மூடிவிடவில்லை. இத்தாலியில் பண்ணை மாடு, ஆடு, நாய்களுக்குக் கருவி பொருத்தி, நிலநடுக்கத்துக்கு முன் நடத்தை மாறுகிறதா என்று மார்ட்டின் விகெல்ஸ்கி குழு 2020ல் எழுதியது. மாறுகிறது என்கிறார்கள், ஆனால் இடமும் தடவையும் கொஞ்சம்தான். எனவே நாய் ஊளையிட்டால் எழுந்து மழையைப் பாருங்கள், நாய் பேசாமல் இருக்கிறது என்பதற்காகத் தூங்கிவிடாதீர்கள்.


பனிமலை எழுதியது:

அந்தக் கடைசி வரியை நான் எங்கள் லயத்தில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன். மழை அளவு எவ்வளவு என்றால் வெளியேற வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள் சேர்.


கல்லும்மண்ணும் எழுதியது:

24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 வந்தால் வெளியேற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் இந்த எண்ணுக்கு முன்பே வெடிப்போ கலங்கல் தண்ணீரோ கண்டால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் சாதாரண மழைமானி ஒன்று திறந்த இடத்தில் வையுங்கள், கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழக்கூடாது. பெருமழை நேரத்தில் இரவிலும் யாராவது பார்க்க வேண்டும், முறை போட்டுக்கொள்ளுங்கள். அதே கொப்பியில் பீலித் தண்ணீரின் நிறத்தையும் எழுதுங்கள், அதைப் பெரியவர்களிடம் கேட்டே எழுதுங்கள். வெடிப்பு இருந்தால் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை அளந்து திகதியோடு குறியுங்கள். கூடினால் அன்றைக்கே கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். இரவாக இருந்தால் முதலில் ஆட்களை எழுப்பி வெளியே கொண்டுபோய்விட்டு, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.